யோட்டே: மணலில் ஆடும் வோலோஃப் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளும் முறை

மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்றுக்கும் காம்பியா ஆற்றுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான சமவெளியில் வாழும் வோலோஃப் மக்களிடையே வழங்கிவரும் உத்தி ஆட்டங்களில் யோட்டே முதன்மையானது. மரப்பலகையும் கடைந்தெடுத்த காய்களும் இதற்குத் தேவையில்லை. நிழலான ஓரிடத்தில் இருவர் அமர்ந்து, மணலில் விரலால் குழிகளைப் பறித்து, கைக்கு எட்டிய கூழாங்கற்களையும் சுள்ளிகளையும் பொறுக்கிக்கொண்டு ஆடத் தொடங்கிவிடலாம். சுற்றிலும் நின்று பார்ப்பவர்கள் ஒவ்வொரு நகர்வையும் விமர்சிப்பதும், யார் வெல்வார் என்று பந்தயம் கட்டுவதும் அங்கே வழக்கம்.

விதிகள் மிகச் சிலவே. கால் மணி நேரத்தில் அவற்றைக் கற்றுவிடலாம். ஆனால் அவற்றுள் ஒன்று இந்த ஆட்டத்தை மற்றப் பெரும்பாலான தாண்டல் ஆட்டங்களிலிருந்து பிரித்து நிறுத்துகிறது. எதிரியின் காய் ஒன்றைத் தாண்டி வெட்டியவர், பலகையில் எங்கிருந்தாலும் எதிரியின் இன்னொரு காயையும் தம் விருப்பப்படி எடுத்துவிடலாம். அந்த இரண்டாவது காயை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைக் கற்றுக்கொண்டவரே யோட்டேயைக் கற்றுக்கொண்டவர் என்பது என் உறுதியான கருத்து. இக்கட்டுரை விதிகளிலிருந்து தொடங்கி அந்தத் தேர்வை நோக்கியே செல்கிறது.

பலகையும் காய்களும்

ஐந்து வரிசைகள், வரிசைக்கு ஆறு குழிகள் என மொத்தம் 30 குழிகள் வேண்டும். மணலில் பறிப்பதானால், ஒரு காய் உருளாமல் நிற்கும் ஆழமும், குழிக்குக் குழி நான்கு விரல் இடைவெளியும் போதும். வீட்டுக்குள் ஆடுவோர் ஒரு தாளில் கட்டங்கள் வரைந்துகொள்ளலாம். மூலைவிட்டக் கோடுகள் எதுவும் தேவையில்லை, ஏனெனில் இந்த ஆட்டத்தில் எந்தக் காயும் மூலைவிட்டமாக நகர்வதில்லை.

ஒவ்வொருவருக்கும் 12 காய்கள். ஒருவர் கூழாங்கற்களை எடுத்துக்கொண்டால் மற்றவர் சிறு குச்சிகளையோ, சோழிகளையோ, விதைகளையோ எடுத்துக்கொள்ளலாம். இரு தரப்பும் பார்த்தவுடன் வேறுபடுவதே முக்கியம். இக்கட்டுரையில் ஒருவரைக் கல் என்றும் மற்றவரைக் குச்சி என்றும் குறிப்பிடுகிறேன். விளக்கத்துக்காக வரிசைகளுக்கு மேலிருந்து கீழாக அ, ஆ, இ, ஈ, உ என்றும், ஒவ்வொரு வரிசையிலும் உள்ள குழிகளுக்கு இடமிருந்து வலமாக 1 முதல் 6 வரை என்றும் பெயரிட்டுக்கொள்வோம். நடு வரிசையின் மூன்றாம் குழி இ3 ஆகும். மேல் இடது மூலை அ1, கீழ் வலது மூலை உ6. படிக்கும்போதே பலகையை வைத்துக்கொண்டு காய்களை அமைத்துப் பார்ப்பது நல்லது.

ஆடும் முறை

ஆட்டம் தொடங்கும்போது பலகை முற்றிலும் காலியாக இருக்கும். 24 காய்களும் அவரவர் கையிருப்பில் இருக்கும். முதலில் ஆடுபவர் யார் என்பதை முடிவு செய்தபின் இருவரும் மாறி மாறி ஆடுவர். உங்கள் முறை வரும்போது மூன்று செயல்களுள் ஒன்றை மட்டும் செய்யலாம்.

முதலாவது, கையிருப்பிலிருந்து ஒரு காயை எடுத்துக் காலியான எந்தக் குழியிலும் வைப்பது. இரண்டாவது, பலகையில் ஏற்கெனவே உள்ள உங்கள் காய் ஒன்றை, அதற்கு மேலோ கீழோ இடமோ வலமோ ஒட்டியுள்ள காலிக் குழிக்கு ஓர் அடி நகர்த்துவது. மூன்றாவது, உங்கள் காயை ஒட்டி எதிரியின் காய் நின்று, அதற்கு நேர் பின்னால் உள்ள குழி காலியாக இருந்தால், அதைத் தாண்டி அந்தக் காலிக் குழியில் இறங்குவது. ஆடு புலி ஆட்டத்தில் புலி ஆட்டைத் தாண்டுவதை அறிந்தவர்களுக்கு இந்தத் தாண்டல் உடனே விளங்கிவிடும். இங்கே இரு தரப்பும் புலிகள் என்பதே வேறுபாடு. தாண்டப்பட்ட காய் பலகையை விட்டு நீங்குகிறது. அதோடு, தாண்டியவர் எதிரியின் மற்றொரு காயையும் தேர்ந்தெடுத்து நீக்குகிறார்.

கையிருப்பு தீர்ந்த பிறகுதான் நகர்த்தத் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புதியவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிக்காமல், 12 காய்களையும் வரிசையாக வைத்துத் தீர்த்துவிட்டுப் பிறகு ஆட்டம் தொடங்குவதாக எண்ணிக்கொள்கிறார்கள். வைப்பதும் நகர்த்துவதும் தாண்டுவதும் தொடக்கம் முதலே ஒன்றோடொன்று கலந்து நடக்க வேண்டியவை.

எதிரியின் காய்கள் அனைத்தையும் வெட்டியவர் வெற்றி பெறுகிறார். இருவரிடமும் மூன்று அல்லது அதற்கும் குறைவான காய்களே எஞ்சி, ஒருவரை ஒருவர் பிடிக்க வழியில்லாத நிலை வந்தால் ஆட்டம் சமன் என்று கொள்வது பொது வழக்கம்.

உட்காரும் முன் பேசிக்கொள்ள வேண்டியவை

வாய்மொழியாகவே கைமாறி வந்த ஆட்டம் என்பதால் யோட்டேயின் சில நுணுக்கங்கள் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. தாண்டி இறங்கிய இடத்திலிருந்து மீண்டும் ஒரு காயைத் தாண்ட வாய்ப்பிருந்தால் அதே முறையில் தொடரலாமா என்பது அவற்றுள் ஒன்று. எதிரிக்குப் பலகையில் ஒரே ஒரு காய் இருந்து அது தாண்டப்பட்டால், இரண்டாவது காயை அவருடைய கையிருப்பிலிருந்து எடுக்கலாமா, அல்லது அந்த உரிமை அப்படியே போய்விடுமா என்பது மற்றொன்று. தொடக்கக்காரர்களுக்கு நான் பரிந்துரைப்பது எளிய வடிவத்தையே: ஒரு முறைக்கு ஒரே தாண்டல், வெட்டுவது கட்டாயமில்லை, கையிருப்பில் உள்ள காயை யாரும் தொடக்கூடாது. இனி வரும் விளக்கங்கள் எல்லாம் இந்த வடிவத்தையே அடிப்படையாகக் கொண்டவை.

செக்கர்ஸ் ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு குறிப்பு. பத்துக்குப் பத்துக் கட்டங்களில் ஆடப்படும் பன்னாட்டு செக்கர்ஸ் ஆட்டத்துக்கும் செனகல் பெயர் பெற்ற நாடு. 1963ஆம் ஆண்டுக்கான உலக வாகையர் பட்டம் அந்நாட்டின் பாபா சிக்கு உரியது என்று அவர் மறைந்தபின் 1986இல் அறிவிக்கப்பட்டது. அந்த ஆட்டத்தில் வெட்ட முடிந்தால் வெட்டியே ஆக வேண்டும், மூலைவிட்டமாகவே நகர வேண்டும், எதிர்க்கரையை அடைந்த காய் உயர்வு பெறும். யோட்டேயில் இவை எதுவும் இல்லை. காய்கள் எல்லாம் கடைசி வரை சமமானவை. முன், பின் என்ற திசை வேறுபாடும் கிடையாது. செக்கர்ஸ் அறிந்தவர்கள், காயைப் பலிகொடுத்து எதிரியை ஓரிடத்துக்கு இழுக்கும் பழக்கத்தை முதலில் கைவிட வேண்டும். எதிரி வெட்ட மறுக்கலாம், வெட்டினால் உங்களுக்குப் போவது இரண்டு காய்கள்.

எந்தக் காய் ஆபத்தில் இருக்கிறது?

ஒரு காய் தாண்டப்பட வேண்டுமானால் அதன் ஒரு பக்கத்தில் எதிரி நிற்க வேண்டும். நேர் எதிர்ப்பக்கத்தில் காலிக் குழி இருக்க வேண்டும். இந்த ஒரே வரையறையிலிருந்து பலகையின் இயல்பு முழுவதும் பிறக்கிறது. நான்கு மூலைகளிலும் உள்ள காய்க்கு எந்தத் திசையிலும் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டு இல்லாததால் அதைத் தாண்டவே முடியாது. மூலைகள் நீங்கலாக ஓரத்தில் உள்ள 14 குழிகளில் நிற்கும் காயை அந்த ஓரத்தின் போக்கில் மட்டுமே தாண்ட முடியும். உள்ளே உள்ள 12 குழிகளில் நிற்பவற்றை நான்கு திசைகளிலிருந்தும் தாண்டலாம்.

காய்கள் ஒன்றை ஒன்று காக்கவும் செய்யும். இ2, இ3 ஆகிய இரண்டிலும் கற்கள் நின்றால் அவற்றை வரிசையின் போக்கில் தாண்ட முடியாது. மேலிருந்தோ கீழிருந்தோ தாண்டலாம். ஆ2, ஆ3, இ2, இ3 என நான்கு கற்கள் சதுரமாக நின்றால் அவற்றுள் எதையும் எத்திசையிலிருந்தும் தாண்ட இயலாது. ஆகவே சதுரம் ஒரு கோட்டை என்று புதியவர்கள் மகிழ்வது இயல்பே. ஆனால் வேறோரிடத்தில் கவனக்குறைவாக ஒரு கல்லை இழந்துவிட்டால், எதிரி தம் இரண்டாவது காயாக ஆ3இல் உள்ளதை எடுத்துக்கொள்வார். அக்கணமே ஆ2, இ3 ஆகிய இரண்டு கற்களும் திறந்து கிடக்கும். தாண்ட முடியாத மூலைக் காயும் இதே வழியில் பறிபோகலாம். யோட்டேயில் எந்தக் காயும் முழுப் பாதுகாப்பில் இருப்பதில்லை. ஒரு பகுதியில் செய்யும் தவறுக்கு மற்றொரு பகுதி விலை கொடுப்பதால், எப்போதும் பலகை முழுவதையும் பார்த்தே ஆட வேண்டும்.

காய் வைக்கும் கலை

எதிரியின் காயை ஒட்டி வைத்தவுடன் அடுத்த முறை அவருடையது என்பதை மறக்கலாகாது. உங்கள் காயின் முதுகு திறந்திருந்தால் அவர் தாண்டிவிடுவார். எனவே ஒட்டி வைப்பதானால் முதுகு அடைபட்டிருக்க வேண்டும். பலகையின் ஓரமோ உங்களுடைய இன்னொரு காயோ அதை அடைக்கலாம்.

ஓரத்தைப் பயன்படுத்துவது மிக எளிய தாக்குதல். குச்சி இ2இல் நிற்கிறது, இ3 காலி. நீங்கள் இ1இல் ஒரு கல்லை வைக்கிறீர்கள். உங்களுக்குப் பின்னால் குழியே இல்லாததால் இ2இல் உள்ள குச்சி உங்களைத் தாண்ட முடியாது. நீங்களோ அடுத்த முறை அதைத் தாண்டி இ3இல் இறங்கலாம். எதிரி இ3ஐ அடைக்க வேண்டும், அல்லது குச்சியை விலக்க வேண்டும். ஆ1இலோ ஈ1இலோ ஏற்கெனவே ஒரு குச்சி நின்று உங்கள் கல்லின் மறுபக்கம் காலியாக இருக்கிறதா என்பதை மட்டும் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ஓரத்தின் போக்கில் உங்கள் கல் தாண்டப்படலாம். ஓரத்துக்கு அடுத்த உள்வரிசைக் குழிகளில் தொடக்கத்திலேயே தனிக்காய் வைப்பது நன்றன்று என்பதற்கும் இத்தாக்குதலே காரணம்.

அடுத்தது, இரு தரப்புக் காய்களும் ஒரே கோட்டில் ஒரு குழி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் நிலை. கல் இ3இல், குச்சி இ5இல், நடுவே இ4 காலி. கல்லின் முறை என்று கொள்வோம். இ3இல் உள்ள கல்லை இ4க்கு நகர்த்தினால் அது விட்டு வந்த இ3 காலியாகிறது. குச்சி உடனே தாண்டி அங்கே இறங்கும். ஆனால் கையிருப்பிலிருந்து புதிய கல்லை இ4இல் வைத்தால் நிலைமை தலைகீழாகிறது. இ3இல் உள்ள கல் முதுகைக் காக்க, இ4இல் உள்ள கல் இ5ஐத் தாண்டி இ6இல் இறங்கக் காத்திருக்கிறது. அதாவது கையிருப்பு உள்ளவரை இடைவெளியில் முதலில் நுழைபவர் தாக்குகிறார். கையிருப்பு தீர்ந்தபின் முதலில் நுழைபவர் மாட்டிக்கொள்கிறார்.

கையிருப்பை வீணாகச் செலவழிக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். கையில் உள்ள காய் வெட்டுப்படாது, எந்தக் குழிக்கும் ஒரே முறையில் போய்ச் சேரும், இறங்கும் இடத்தை அடைத்து ஒரு தாக்குதலை முறிக்கும். அதைவிடவும், பலகையில் இருவரும் நேருக்கு நேர் நின்று யார் அசைந்தாலும் இழப்பு என்ற நிலை வரும்போது, கையிருப்பு உள்ளவர் தொலைவான ஒரு குழியில் ஒரு காயை வைத்துவிட்டு அமைதியாக இருக்கலாம். மற்றவர் அசைந்தே ஆக வேண்டும், முறையைத் தவிர்க்க விதி இல்லை. எதிரியைவிட ஒன்றிரண்டு காய்கள் கூடுதலாகக் கையில் வைத்திருப்பதே தொடக்க ஆட்டத்தில் நீங்கள் கொள்ளத்தக்க குறிக்கோள்.

இரண்டாவது காய்

ஒரு காயைத் தாண்டிவிட்டீர்கள். இப்போது எதை எடுப்பது? அவசரப்படாமல், உங்கள் காய் இறங்கிய குழியை முதலில் பாருங்கள்.

இ3இல் இருந்த உங்கள் கல் இ4இல் இருந்த குச்சியைத் தாண்டி இ5இல் இறங்கியிருக்கிறது. ஆ5இல் ஒரு குச்சி நிற்கிறது, ஈ5 காலி. மூலையான உ1இலும் ஒரு குச்சி உள்ளது. மூலைக் காயை வேறு வழியில் பிடிக்க முடியாது என்பதால் அதை எடுக்கும் ஆசை எழும். அப்படிச் செய்தால் ஆ5இல் உள்ள குச்சி உங்கள் கல்லைத் தாண்டி ஈ5இல் இறங்கி, கூடவே இன்னொரு கல்லையும் கொண்டுபோகும். இங்கே எடுக்க வேண்டியது ஆ5தான். இறங்கிய காயைத் திருப்பித் தாண்டக்கூடிய எதிரி ஒருவன் இருந்தால் அவனை நீக்குவதே முதல் கடமை.

இதே நிலையில் ஆ5இலும் ஈ5இலும் இரண்டு குச்சிகள் இருந்தால் என்ன செய்வது? இக்கேள்வியை நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் இரண்டில் ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். கூர்ந்து பார்த்தால், அவ்விரண்டும் ஒன்றின் இறங்குமிடத்தை மற்றொன்று அடைத்துக்கொண்டு நிற்கின்றன. எதனாலும் உங்களைத் தாண்ட முடியாது. ஆ5ஐ எடுத்தால் ஈ5இல் உள்ள குச்சிக்கு நீங்களே வழி திறந்துவிடுகிறீர்கள். இரண்டையும் விட்டுவிட்டு வேறொன்றை எடுப்பதே சரி. அதோடு, அ5உம் உ5உம் காலியாக இருந்தால் அடுத்த முறை உங்கள் கல் மேலேயும் தாண்டலாம், கீழேயும் தாண்டலாம். எதிரியால் ஒரே முறையில் இரண்டு ஆபத்துகளையும் நீக்குவது கடினம்.

இவ்விதி உங்கள் தற்காப்பையும் மாற்றுகிறது. மற்ற ஆட்டங்களில், தாண்டி இறங்கும் எதிரியைத் திருப்பி வெட்ட ஒரு காய் காவலுக்கு நின்றால் போதும். யோட்டேயில் அது போதாது. கற்கள் இ2இலும் இ4இலும், குச்சி இ5இலும் இருக்கின்றன. குச்சி இ4ஐத் தாண்டி இ3இல் இறங்கினால் இ2இல் உள்ள கல் அதைத் தாண்டி இ4இல் இறங்கலாம் என்று கணக்கிட்டிருப்பீர்கள். எதிரி தம் இரண்டாவது காயாக அந்த இ2ஐயே எடுத்துவிடுவார். ஆ3இல் இன்னொரு கல் நின்று ஈ3 காலியாக இருந்தால் மட்டுமே, இரண்டு காவலருள் ஒருவர் எஞ்சித் திருப்பி வெட்ட முடியும். காவலுக்கு எப்போதும் இருவர் வேண்டும்.

உங்கள் காய் பாதுகாப்பாக இறங்கியிருந்து, உடனடி ஆபத்து எதுவும் இல்லையென்றால் தேர்வு விரிகிறது. எதிரியின் சதுரக் கோட்டையில் ஒரு காயைப் பெயர்க்கலாம். அல்லது உங்கள் வேறொரு காயை ஒட்டி நிற்கும் எதிரிக் காயின் முதுகுக்குப் பின்னால் உள்ளதை எடுத்து, அடுத்த தாண்டலுக்கு வழி திறக்கலாம். மூலைக் காயை எடுப்பதற்கும் இதுவே தருணம். இவற்றுள் எதிரியை அடுத்த முறையில் பதில் தேடும் கட்டாயத்துக்கு உள்ளாக்கும் தேர்வையே நான் எப்போதும் மேலாகக் கருதுகிறேன்.

கடைசிக் கட்டம்

ஒரு வெட்டுக்கு இரண்டு காய்கள் என்பதால் 12 காய்களும் ஆறே தாண்டல்களில் தீர்ந்துவிடும். நான்கு காய்கள் பின்தங்கியிருப்பவர் இரண்டு நல்ல தாண்டல்களில் ஈடுகட்டிவிடலாம். ஆகவே முன்னிலையில் இருப்பவர் தளர்வதற்கும் பின்தங்கியவர் கைவிடுவதற்கும் இடமில்லை. முன்னிலையில் இருப்பவர் சம எண்ணிக்கையில் வெட்டிக்கொள்வதை நாடலாம்: ஆறுக்கு நான்கு என்பது ஒரு பரிமாற்றத்துக்குப் பின் நான்குக்கு இரண்டு ஆகிவிடும். இரண்டே காய்கள் எஞ்சியவர் அடுத்த ஒரே தாண்டலில் ஆட்டத்தை இழப்பார் என்பதால், அந்நிலையில் அவர் மூலைகளிலும் ஓரங்களிலும் ஒதுங்குவார். மூலையில் நிற்பவரைத் தாண்ட முடியாது. ஆனால் அவருடைய இன்னொரு காயைத் தாண்டினால் மூலைக் காயும் உடன் போகும். எனவே மூலையில் உள்ளதை விட்டுவிட்டு அலைந்து திரியும் காயையே துரத்த வேண்டும். அதைத் துரத்த இரண்டு காய்கள் போதாது. அது ஓடும் வழிகளை அடைக்கவும் காய்கள் வேண்டும்.

பயிற்சிக்கு, ஆளுக்கு ஆறு காய்களுடன் சில சிறு ஆட்டங்களை ஆடித் தொடங்குங்கள். தாண்டலும் இரண்டாவது காயும் விரைவில் கைவரும். பின்னர் முழு எண்ணிக்கைக்கு மாறுங்கள். யாரேனும் ஒருவர் தாண்டும் ஒவ்வொரு முறையும், இரண்டாவது காயை எடுப்பதற்கு முன் ஆட்டத்தை நிறுத்தி, எந்தெந்தக் காயை எடுத்தால் என்ன நேரும் என்று இருவரும் சேர்ந்து வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். இம்முறையில் ஆட்டம் மெதுவாக நகரும் என்பது உண்மையே. ஆயினும் ஒரு மாலைப்பொழுதில் இப்படி ஆடும் இரண்டு ஆட்டங்கள், பேசாமல் விரைந்து ஆடும் பத்து ஆட்டங்களைவிட அதிகம் கற்பிக்கும். அது பழகியபின், தொடர் தாண்டலை அனுமதிக்கும் வடிவத்தை இருவரும் ஒப்புக்கொண்டு ஆடத் தொடங்கலாம். அங்கே, உங்கள் காய்களுக்கு நடுவே ஒரு குழி விட்டு ஒரு குழி காலியாக இருக்கிறதா என்பதைப் புதிதாகக் கவனிக்க வேண்டியிருக்கும்.